சீனம் சென்ற மருத்துவச் செம்மல்

நன்றி என்னும் சொல்லை இன்று நாம் மிக எளிதாக வழங்குகிறோம். கடைக்காரரிடம் சொல்கிறோம், விழா முடிவில் ஒருவர் எழுந்து நன்றியுரை நவில்கிறார். நம் முன்னோர் இச்சொல்லை ஆண்ட முறை வேறு. அவர்களுக்கு நன்றி என்பது நன்மையே ஆகும். பிறர் செய்த அந்நன்மையை உணர்ந்து போற்றும் பண்புக்கு நன்றியறிதல் என்று தனியே பெயரிட்டனர். அஃதாவது, நன்றியறிதல் முதற்கண் ஓர் அறிவு. நம்மைச் சூழ்ந்துள்ள நன்மை எது என்று கண்டுகொள்ளும் அறிவு. வளம் மிகுந்த காலத்தில் இவ்வறிவு வளரும் என்று நினைக்கிறோம். ஆனால் அது மழுங்குவதும் அக்காலத்தில்தான். தண்ணீர் தடையின்றி வரும் தெருவில் எவரும் குழாயை நினைப்பதில்லை.

பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வந்து குடியமர்ந்த நமக்கு இவ்வுண்மை நன்கு தெரியும். வந்த புதிதில் மொழி புரியவில்லை, உணவு ஒத்துக்கொள்ளவில்லை, வாடகை கட்டுபடியாகவில்லை. அந்நாளில் வழிகாட்டிய அண்டை வீட்டாரையும், கடன் கொடுத்த கடைக்காரரையும் நாம் தெய்வமாக எண்ணினோம். காலம் செல்லச் செல்ல வசதிகள் பெருகின. அவர்கள் முகம் மங்கியது. இடர் இருந்த நாளில் இருந்த அறிவு, இடர் நீங்கிய நாளில் எங்கே போயிற்று?

இவ்வினாவை முன்வைத்து, இவ்வாண்டு மலரில் ஒரு பெரியாரின் வாழ்க்கையைச் சொல்ல விழைகிறோம். அவர் 27 வயதில் அயல்நாட்டுக்குத் தொண்டராகச் சென்றவர். ஓராண்டில் திரும்புவதாகப் போனவர். 32 வயதில் அம்மண்ணிலேயே உயிர் நீத்தவர். அவரே டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ்.

சோலாப்பூரும் பரேலும்

மும்பையிலிருந்து சென்னைக்குப் புகைவண்டியில் செல்வோர் சோலாப்பூர் நிலையத்தைக் கடந்தே செல்ல வேண்டும். ஆலைகளும் கைத்தறிகளும் நிறைந்த ஊர். சுற்றிலும் சோளம் விளையும் வறண்ட நிலம். அவ்வூரில் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் துவாரகாநாத் பிறந்தார். தந்தையார் பெயர் சாந்தாராம். உடன்பிறந்தவர்கள் சகோதரர் இருவரும் சகோதரியர் ஐவரும் ஆவர். எட்டு மக்களைப் பெற்ற நடுத்தரக் குடும்பத்தில் ஒரு மகனை மருத்துவனாக்குவது எளிய செயலன்று. வீடு முழுவதும் ஒருவனுக்காகச் சிக்கனம் பிடிக்கும். அவன் தலையெடுத்தால் குடும்பம் தலையெடுக்கும் என்று காத்திருக்கும். நம்மில் பலர் வீட்டுக் கதையும் இதுவே.

துவாரகாநாத் பம்பாயில் பரேல் பகுதியிலுள்ள சேட் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் மருத்துவக் கல்லூரியில் பயின்றார். அக்கல்லூரி 1926இல் தொடங்கப்பெற்றது. ஆசிரியர் அனைவரும் இந்தியராகவே இருத்தல் வேண்டும் என்பது அதற்குப் பொருளுதவி செய்தோர் விதித்த நிபந்தனை. ஆங்கிலேயர் ஆண்ட நாளில், உயர் பதவிகள் யாவும் வெள்ளையர்க்கே என்றிருந்த நாளில், அந்நிபந்தனைக்கு இருந்த பொருள் பெரிது. கல்லூரியைச் சார்ந்த கே. இ. எம். மருத்துவமனைக்கு ஆலைத் தொழிலாளரும் ஏழை எளியவரும் திரண்டு வருவர். அங்கே கற்றவர்களுக்கு மருத்துவமும் நாட்டுப்பற்றும் ஒருங்கே பழகின.

அழைப்பு வந்தது

1937 ஜூலையில் ஜப்பானியப் படைகள் சீனத்தின்மீது பெரும்போர் தொடுத்தன. ஓராண்டுக்குள் சீனத்தின் பெருநகரங்கள் பல வீழ்ந்தன. காயமுற்றோர்க்கு மருந்தில்லை, மருத்துவர் அதனினும் அரியர். எட்டாவது மார்க்கச் சேனையின் தலைவர் சூ டே, மருத்துவ உதவி வேண்டி ஜவாஹர்லால் நேருவுக்குக் கடிதம் எழுதினார். 1938இல் காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் அவ்வேண்டுகோளை நாட்டுமக்கள் முன் வைத்தார். அவ்வாண்டு ஜூலை மாதம் 7 முதல் 9 வரை சீன நிதி நாள்கள் கொண்டாடப்பெற்றன. 22,000 ரூபாய் திரண்டது.

அன்று நாமே அடிமை நாட்டினர். நம் தேவைக்கே நிதி போதாத காலம். அந்நிலையில் இன்னொரு நாட்டின் துயர் துடைக்க மக்கள் காசு கொடுத்தனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நிறைந்த பின்னரே வழங்குவது என்றிருந்தால் உலகில் எவரும் எவருக்கும் எதுவும் வழங்கியிருக்க மாட்டார்கள்.

மருத்துவர் ஐவர் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். அலகாபாத்தைச் சேர்ந்த டாக்டர் அடல் தலைவர். அவர் ஸ்பானிய உள்நாட்டுப் போரில் மருத்துவத் தொண்டு புரிந்து திரும்பியவர். நாகபுரியைச் சேர்ந்த டாக்டர் சோல்கர், கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் பாசு, டாக்டர் முகர்ஜி ஆகியோர் ஏனையோர். ஐந்தாமவர் கோட்னிஸ். அப்போது அவர் மேற்படிப்புக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அவர் செய்தி சொன்னபோது, பட்டுத்துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்று வந்த சீன வணிகரைத் தவிரச் சீனத்தைப் பற்றி அக்குடும்பத்தார் அறிந்தது மிகக் குறைவு. ஆயினும் மகன் புறப்பட்டான், குடும்பம் வழியனுப்பியது. காத்திருந்த பயனைக் கைக்கெட்டும் நேரத்தில் விட்டுக்கொடுத்த அக்குடும்பத்தாரின் ஈகமும் இவ்வரலாற்றில் ஒரு பகுதியாகும்.

1938 செப்டம்பர் 1ஆம் நாள் ராஜபுதானா என்னும் கப்பல் பம்பாய்த் துறையிலிருந்து அவர்களை ஏற்றிச் சென்றது. மாதத்தின் இடையில் காண்டன் நகரை அடைந்தனர். சீனக் குடியரசின் தந்தை சன் யாட்சென் அவர்களின் துணைவியார் சூங் சிங்லிங் அம்மையார் அவர்களை வரவேற்றார்.

கப்பலில் சென்றபோதே கோட்னிஸ் ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார். சீனச் சொற்களைக் கேட்டும் படித்தும் தமக்கென ஒரு சொற்கையேடு எழுதத் தொடங்கினார். கரை காணும் முன்பே, தாம் காணப்போகும் மனிதரோடு பேச வேண்டும் என்னும் நினைவு அவருக்கு இருந்தது. அக்கையேடு சிறியது. எனினும் அவர் வாழ்வின் போக்கை முன்னுரைப்பது அதுவே என நாம் கருதுகிறோம்.

தந்தையின் மறைவு

ஐவரும் நிலையாக ஓரிடத்தில் தங்கிப் பணிபுரிய இயலவில்லை. அக்டோபர் மாதத்தில் காண்டனும், அதனை அடுத்து ஹாங்கௌ நகரும் ஜப்பானியர் கையில் வீழ்ந்தன. பின்வாங்கும் மக்களோடு மக்களாக யாங்சி ஆற்றின் வழியே மேற்கு நோக்கிச் சென்று சுங்கிங் நகரை அடைந்தனர். அங்கே சீன நண்பர் ஒருவர் ஐவர்க்கும் சீனப் பெயர் சூட்டினார். ஒவ்வொரு பெயரின் ஈற்றிலும் ஹுவா என்னும் சொல் வந்தது. ஹுவா என்பது சீனத்தைக் குறிக்கும். கோட்னிஸ் அன்று முதல் கே டிஹுவா ஆனார்.

சுங்கிங்கில் இருந்தபோதுதான் இடிபோன்ற செய்தி வந்தது. தந்தையார் சோலாப்பூரில் காலமானார். மூத்தோரின் மறைவுச் செய்தியைத் தொலைவிலிருந்து கேட்பது எத்தகையது என்பதை இக்குடியிருப்பில் வாழும் நம்மனோர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் புகைவண்டியில் இருந்துகொண்டு, முகத்தைக் காண முடியுமா முடியாதா என்று தவித்தவர்கள் நம்மிடையே உண்டு. கோட்னிஸுக்கோ, இடையில் இருந்தது கடலும் போரும். நண்பர்கள் அவரை ஊர் திரும்புமாறு கூறினர். திரும்பியிருந்தால் குறை சொல்வார் எவருமில்லை. அவர் திரும்பவில்லை. வந்த பணி தொடங்கவே இல்லை. அதற்குள் எப்படித் திரும்புவது என்பதே அவர் முன் நின்ற வினா. இது சரியா தவறா என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. இழப்பின் பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டே அவர் வடக்கு நோக்கி நடந்தார் என்பதை மட்டும் சொல்கிறோம்.

மண் குகையும் தினைச் சோறும்

1939 பிப்ரவரியில் ஐவரும் யெனான் வந்து சேர்ந்தனர். அங்கே வீடு என்பது மலைச்சரிவில் குடைந்த குகை. வடசீனத்தின் அப்பகுதியில் காற்று காலங்காலமாகக் கொண்டுவந்து குவித்த மஞ்சள் மண் பல நூறு அடி ஆழம் படிந்து கிடக்கிறது. அம்மண்ணைச் செங்குத்தாக வெட்டினாலும் சரியாது. ஆகவே மக்கள் வளைவு வடிவில் குகை குடைந்து, முகப்பில் மரச்சட்டமும் காகிதமும் பொருத்தி வாழ்ந்தனர். வெயிலில் குளிர்ச்சியும் பனியில் வெதுவெதுப்பும் தரும் உறையுள் அது. குண்டுவீச்சுக்கும் அதுவே அரண். பம்பாயில் பயின்ற மருத்துவர்கள் அத்தகைய குகைகளில் தங்கினர். அத்தகைய குகைகளே மருத்துவமனைக் கூடங்களாகவும் விளங்கின.

உணவு தினை. நம் குறிஞ்சி நிலத்து மக்கள் தேனோடு சேர்த்து உண்டதும் முருகப்பெருமானுக்குப் படைத்ததுமாகிய அதே தினையே வடசீனத்து எளிய மக்களின் உணவு. எட்டாவது மார்க்கச் சேனையினரின் உணவும் அதுவே. படைத்தலைவர்க்கும் அது, காவலர்க்கும் அது, காயமுற்றோர்க்கும் அது. சோள நாட்டில் பிறந்தவர் தினை நாட்டில் உண்டார். இறைச்சியும் அரிசியும் அரிதாகவே கிட்டின. குளிர்காலத்தில் கடுங்குளிர், மருந்துக்கோ பகைவர் முற்றுகையால் எப்போதும் தட்டுப்பாடு.

அவ்வாண்டில் டாக்டர் சோல்கரும் டாக்டர் முகர்ஜியும் தாயகம் திரும்பினர். ஏனைய மூவர் போர்முனைக்குச் செல்ல விரும்பி, 1939ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சளாற்றைக் கடந்து கிழக்கே சென்றனர். பின்னர் டாக்டர் அடலும் உடல்நலங் குன்றித் திரும்பினார். பாசுவும் கோட்னிஸும் பகைவர் வரிசைகளினூடே இரவில் நடந்தும் குதிரையேறியும் ஷான்சி, ஹோபெய் மாநிலங்களின் மலைப்பகுதியை அடைந்தனர். சிறிது காலத்தில் பாசுவும் யெனானுக்கு அழைக்கப்பெற்றார். அப்போர்முனையில் எஞ்சிய இந்தியர் கோட்னிஸ் ஒருவரே.

தாய்மொழியில் பேச ஓர் ஆள் இல்லை. வீட்டுக் கடிதம் வந்து சேர வழியில்லை. பண்டிகை வருவதும் போவதும் நாள்காட்டியில் மட்டுமே. நாம் இங்குச் சங்கம் அமைத்துப் பொங்கலும் புத்தாண்டும் கூடிக் கொண்டாடுகிறோம். அவருக்கு அவ்வாய்ப்பும் இல்லை.

இந்நிலையில் ஒருவர் இரண்டில் ஒன்று செய்யலாம். இழந்தவற்றை நாள்தோறும் எண்ணி எண்ணிக் குறுகலாம். அல்லது, கண்முன் இருக்கும் மனிதர் தமக்கு என்ன செய்கிறார்கள் என்று காணலாம். கோட்னிஸ் இரண்டாவதைச் செய்தார் என்பதற்கு அவர் வாழ்ந்த வாழ்வே சான்று.

கண்ட நன்மை

அவர் அங்குக் கண்டது என்ன? அம்மலைநாட்டு உழவர் தம் வீட்டை நோயாளிக்குத் திறந்துவிட்டனர். அங்கே மருத்துவமனை என்பது தனிக் கட்டடம் அன்று; ஊரே மருத்துவமனை. ஒரு வீட்டில் இரு நோயாளிகள், மறு வீட்டில் மூவர் என்று பிரித்து வைக்கப்பெற்றனர். அவ்வீடுகளில் அடுப்பின் புகையைச் செங்கல் மேடைக்கு அடியில் செலுத்தி அம்மேடையைச் சூடாக்குவர். குடும்பம் முழுவதும் அதன்மேல் உறங்கும். அந்தச் சூடான இடத்தை நோயாளிக்குக் கொடுத்துவிட்டு வீட்டார் ஒதுங்கிக்கொண்டனர். பகைவர் வருகிறார் என்று செய்தி வந்தால் ஊரார் தூக்குப் படுக்கைகளில் நோயாளிகளைச் சுமந்து மலையேறினர். அறுவைக் கருவிகளைக் கோவேறு கழுதைகள் சுமந்தன.

1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பகுதியில் உணவுப் பஞ்சம் முற்றியது. மக்கள் மர இலைகளை உண்டு உயிர் தரித்தனர். அப்போது அவ்வட்டாரப் படைத்தலைவர் நியே ரோங்சென் ஓர் ஆணை பிறப்பித்தார். ஊர்களுக்கு அருகிலுள்ள மரங்களின் இலைகளைப் படையினர் பறிக்கலாகாது; அவை ஊராருக்கே உரியவை என்பது அதன் கருத்து. பசித்த படை, பசித்த ஊருக்கு இலையை விட்டுக்கொடுத்தது. இத்தகைய மக்களிடையே வாழ்ந்தவர்க்கு, தாம் கொடுக்க வந்தவர் என்னும் செருக்கு எப்படி நிலைக்கும்?

தொண்டு செய்யப் புறப்படுவோர்க்கு நேரும் பெரிய இடர் பசியும் குளிரும் அல்ல. நாம் கொடுக்கிறோம், அவர்கள் பெறுகிறார்கள் என்னும் எண்ணமே பெரிய இடர். அவ்வெண்ணம் உள்ளவன் சிறு குறை நேர்ந்தாலும் சினம் கொள்வான். நன்றி வரவில்லையே என்று காத்திருப்பான். பெறுகின்றவர்களும் தமக்குக் கொடுக்கிறார்கள் என்று கண்டவனுக்குக் காத்திருத்தல் இல்லை. அவன் கணக்கில் கடன் அவன் பக்கமே இருக்கும்.

கைம்மாறு

அக்கடனை அவர் எவ்வாறு தீர்த்தார் என்று காண்போம்.

முதலாவது கைம்மாறு மொழி. கப்பலில் தொடங்கிய சொற்கையேட்டை அவர் கைவிடவில்லை. ஓசை சற்று ஏறினாலும் இறங்கினாலும் பொருள் மாறும் மொழி அது. எழுத்துகளோ ஆயிரக்கணக்கில் உள்ளவை. அதனை முயன்று கற்று, மொழிபெயர்ப்பாளர் துணையின்றி நோயாளியிடம் பேசவும் மாணவர்க்குப் பாடம் நடத்தவும் வல்லவரானார். மருத்துவன் தன் மொழியில் பேசும்போது நோயாளிக்குப் பாதி நோய் தீர்கிறது. ஊரார் அவரை மரியாதையோடும் உரிமையோடும் கே என்றே அழைத்தனர்.

இரண்டாவது உழைப்பு. 1940 ஆகஸ்டு 20ஆம் நாள் தொடங்கிப் பல மாதங்கள் நடந்த பெரும்போரில் காயமுற்றோர் வெள்ளம்போல் வந்தனர். ஒரு நெடும்போரின்போது கோட்னிஸ் உறக்கமின்றி 72 மணி நேரம் அறுவைப் பணியில் ஈடுபட்டார். 800க்கு மேற்பட்டோர்க்குச் சிகிச்சை அளித்தார். 1941 ஜனவரியில் பெதூன் பன்னாட்டு அமைதி மருத்துவமனையின் முதல் இயக்குநராக அமர்த்தப்பெற்றார்.

பெதூன் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். நார்மன் பெதூன் கனடா நாட்டு அறுவை மருத்துவர். ஸ்பெயினில் தொண்டு புரிந்து, 1938இல் சீனம் வந்து, அதே மலைநாட்டில் பணியாற்றியவர். கையுறை இல்லாமல் அறுவை செய்தபோது விரலில் ஏற்பட்ட காயத்தில் நஞ்சேறி, 1939 நவம்பர் 12ஆம் நாள் இறந்தார். ஒரு சோடி கையுறை ஒரு மருத்துவரின் உயிரைக் காத்திருக்கும். ஆகவே இல்லாமையை நாம் போற்றவில்லை. இடர் இனியது என்றும், குறை இருந்தால் வாய்மூடிப் பொறுத்திருப்பதே நன்றியறிதல் என்றும் எவரேனும் கூறுவாராயின், பெதூனின் விரல் அதனை மறுக்கும். இருப்பதன் நன்மையை அறிவதும், இல்லாததை உண்டாக்க முயல்வதும் ஒன்றற்கொன்று பகையல்ல.

கோட்னிஸின் மூன்றாவது கைம்மாறு இதனை விளக்கும். அவர் தாம் அறுவை செய்ததோடு நில்லாமல், பெதூன் பெயரால் அமைந்த மருத்துவப் பள்ளியில் உழவர் வீட்டுப் பிள்ளைகளைப் பயிற்றினார். ஒரு மருத்துவன் ஒரு நாளில் சிலரைக் காப்பான். அவன் பயிற்றிய மாணவர் அவனுக்குப் பின்னும் காப்பர். பாடநூல் இல்லாத குறையைப் போக்க, அறுவை மருத்துவத்தின் பொது நெறிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அடுத்த நூலையும் தொடங்கினார். 1942 ஜூலையில் சீனப் பொதுவுடைமைக் கட்சியில் உறுப்பினரும் ஆனார்.

குடும்பமும் முடிவும்

அப்பள்ளியில் செவிலியர் கல்வி கற்பித்த குவோ சிங்லான் என்னும் மங்கையை அவர் 1941ஆம் ஆண்டின் இறுதியில் மணந்தார். அடுத்த ஆகஸ்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. படைத்தலைவர் நியே ரோங்சென் குழந்தைக்கு யின்ஹுவா என்று பெயரிட்டார். யின் என்பது இந்தியாவையும் ஹுவா என்பது சீனத்தையும் குறிக்கும். இரு நாடுகளின் பெயரும் ஒரு தொட்டிலில் துயின்றன.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஓயா உழைப்பும் போதா உணவும் கோட்னிஸின் உடலை முன்பே தளரச் செய்திருந்தன. வலிப்பு நோய் அவரை அடுத்தடுத்துத் தாக்கியது. பணியை விட்டுச் சிகிச்சைக்குச் செல்லுமாறு கூறப்பட்டபோதும் அவர் செல்லவில்லை. 1942 டிசம்பர் மாதத்தில் நோய் மீண்டும் கடுமையாகத் தாக்கிற்று. 9ஆம் நாள் காலையில், ஹோபெய் மாநிலத்து மலையூர் ஒன்றில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது 32; குழந்தைக்கு நான்கு மாதங்கூட நிறையவில்லை. இரண்டாவது நூல் பாதியில் நின்றது.

ஊரார் அழுதனர். மா சே துங், சூ டே, சூங் சிங்லிங் அம்மையார் ஆகியோர் இரங்கல் எழுதினர். பின்னாளில் அவரது உடல் ஷிஜியாசுவாங் நகரிலுள்ள தியாகிகள் நினைவுப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பெற்றது. பெதூனின் நினைவிடமும் அங்கேயே உள்ளது. கப்பலில் எழுதத் தொடங்கிய சொற்கையேடு அங்குள்ள சிறு காட்சியகத்தில் வைத்துப் பேணப்பட்டது.

நினைவின் நீட்சி

தாயகமும் அவரை மறக்கவில்லை. குவாஜா அகமது அப்பாஸ் 1944இல் அவர் வாழ்க்கையை நூலாக எழுதினார். 1946இல் வி. சாந்தாராம் அதனைத் திரைப்படமாக்கினார். கோட்னிஸாக அவரே நடித்தார். சீனம் 1982இலும் இந்தியா 1993இலும் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டன. சோலாப்பூரில் அவர் பிறந்த இல்லம் நினைவகமாக்கப்பெற்றது.

இரு நாடுகளுக்கும் இடையே 1962இல் போர் மூண்டது. ஒரு நாடு பெற்ற மகனை மறு நாடு தன் மண்ணில் ஏந்தியிருக்க, எல்லையில் இரு நாட்டு வீரரும் மாண்டனர். இந்தியாவும் சீனமும் என்று பெயர்பெற்ற யின்ஹுவா, தந்தையைப் போலவே மருத்துவம் பயின்றுவந்த காலத்தில், 1967இல் இளமையிலேயே இறந்தார். குவோ சிங்லான் அம்மையார் கணவரை இழந்தார்; ஒரே நினைவாக இருந்த மகனையும் இழந்தார். ஆயினும் உறவை அவர் இழக்கவில்லை. பலமுறை இந்தியா வந்து கணவரின் உடன்பிறந்தாரைக் கண்டு அளவளாவிச் சென்றார். 2012இல் தம் 96ஆம் வயதில் அவர் மறைந்தார். அரசுகள் பகைத்த நாளிலும் ஒரு குடும்பத்தின் கதவு மூடவில்லை என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

இவ்வளவையும் நாம் இங்கு உரைத்தது, எல்லோரும் போர்முனைக்குச் செல்ல வேண்டும் என்பதற்காக அன்று. நம் இல்லறக் கடமைகள் நமக்கு உண்டு. அலுவலகமும் பள்ளியும் வாடகையும் உண்டு. எனினும் கோட்னிஸின் வாழ்விலிருந்து நம் குடியிருப்புக்குப் பொருந்தும் பாடம் ஒன்று உண்டு. நம்மை ஏற்றுக்கொண்ட ஊருக்கு நாம் முதலில் செலுத்தும் கைம்மாறு அதன் மொழி. சிலர் இருபது ஆண்டு வாழ்ந்தும் காய்கறி வாங்கும் அளவுக்கே அதனைக் கற்கின்றனர். பால் கொண்டுவருபவரின் பெயரையும், தெருக்கூட்டும் அம்மையின் ஊரையும் கேட்டறியாமலே காலம் கழிகிறது. தாய்மொழியை வளர்ப்பதற்குச் சங்கம் அமைத்த நாம், இவ்வூர் மொழியையும் நம் பிள்ளைகளோடு அமர்ந்து கற்பது தமிழுக்குக் குறைவாகாது. அண்டை அயலார்க்கு நோய் வந்தபோது முதலில் செல்வது நம் குடியிருப்பினராக இருப்பின், அதுவே நம் சங்கத்துக்குச் சிறந்த ஆண்டு அறிக்கையாகும்.

காலையில் குழாயில் நீர் வரவில்லை என்று முணுமுணுக்கும்போது, அண்டை வீட்டார் இரண்டு குடம் கொடுத்து உதவிய நாள் நம் நினைவுக்கு வரட்டும். நீர் வர வேண்டும் என்று நகராட்சிக்கு எழுதுவோம்; குடம் கொடுத்தவரையும் மறவாதிருப்போம். இரண்டும் சேர்ந்ததே நன்றியறிதல் என்பதைத் தினைச் சோறு உண்டு, குகையில் உறங்கி, பிறர் மொழியில் பாடம் சொல்லி, பாதி நூலோடு மறைந்த அம்மருத்துவச் செம்மல் வாழ்ந்து காட்டினார்.

வாழ்க கோட்னிஸின் நினைவு! வளர்க அவர் காட்டிய தொண்டு நெறி!